தோலுரித்தலுக்குச் சான்று

ஜனவரி 8

அன்புள்ள அண்ணிக்கு, வணக்கம்.

நான் இங்கே சுகம். நீங்களும் அண்ணனும் இரண்டு வாலுகளும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் மணிக்கட்டு வலி தேவலையா? ஈரத்தோலைத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நீங்கள் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டீர்கள். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

கடிதம் சின்னச் சின்ன அட்டைகளில் வருகிறதே என்று பார்க்காதீர்கள். எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. எழுதிக் கெடுத்த அட்டைகளை மேஜையில் இருப்பவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, தூக்கிப்போட மனம் வரவில்லை. எண் போட்டிருக்கிறேன், அந்த வரிசையில் படியுங்கள்.

ஆங்கிலம்-தமிழ் அகராதியின் நான்காம் பதிப்பில் எனக்கு ஆங்கில 'E' எழுத்தைக் கொடுத்திருக்கிறார்கள். நீளமான மேஜை, ஏழு பேர், புதன்கிழமைதோறும் அவரவர் எழுதியதை உரக்கப் படிக்க வேண்டும். தலைமைப் பதிப்பாசிரியருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பேனாக்கத்தி. எதைக் கொடுத்தாலும் சீவிச் சீவிக் கடைசியில் முனை மட்டும்தான் மிஞ்சும். ஜூன் மாதம் வெளியிலிருந்து ஒரு குழு வந்து என்னை நிரந்தரமாக்குவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யும். பதினாறு வருடப் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தவள் நான். அங்கே என் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. அண்ணன் வேண்டாம் என்றபோது நீங்கள் ஒருவர்தான் போய் வா என்றீர்கள்.

இப்போது ஒரு சந்தேகம், உங்களால்தான் தீரும். எக்ஸ்கோரியேட் என்று ஒரு சொல். ஒருவரைக் கிழி கிழி என்று கிழித்து விமர்சிப்பது. பழைய பதிப்பில் 'கடுஞ்சொற்களால் கண்டனம் செய்' என்று போட்டு, மரப்பட்டையை உரிப்பது என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது என்று எழுதியிருக்கிறது. ஆனால் நூலகத்தில் இருக்கும் பெரிய ஆங்கில அகராதி, பட்டை இல்லை, தோல் என்கிறது. விலங்கின் தோலை உரித்து எடுப்பது. உங்கள் வேலையே அதுதானே! தோலை எப்படி உரிக்கிறார்கள்? எழுதுங்கள்.

உங்கள் அன்பான நாத்தனார்


ஜனவரி 19

அன்புள்ள நாத்தனாளுக்கு,

எல்லோரும் நலம். மணிக்கட்டு இருக்கிற இடத்தில் இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் அண்ணன் தினமும் கேட்கிறார், கேட்டுவிட்டு நான் பதில் சொல்வதற்குள் தூங்கிவிடுகிறார்.

உன் அட்டைகளை இங்கே இரண்டு வாலுகளும் சீட்டுக்கட்டு போலக் கலைத்துவிட்டார்கள். ஐந்துக்கு அப்புறம் இரண்டைப் படித்துவிட்டு, இவளுக்கு என்ன ஆயிற்று என்று கொஞ்ச நேரம் பயந்துபோனேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள். உரிப்பது நாங்கள் இல்லை. இறைச்சிக் கூடத்தில் உரித்து, உப்புப் போட்டு, எங்களிடம் வரும். நான் அதைத் தரம் பிரிக்கிறவள். ஆனால் உரித்தவன் யார், எப்பேர்ப்பட்டவன் என்று தோலைத் தொட்டாலே சொல்லிவிடுவேன். கை தேர்ந்தவன் கத்தியால் நாலு கோடுதான் போடுவான். அப்புறம் கத்தியை வைத்துவிட்டு முஷ்டியால் தோலுக்கும் சதைக்கும் நடுவில் தள்ளித் தள்ளி எடுப்பான், சட்டை கழற்றுகிற மாதிரி வந்துவிடும். அவசரக்காரனும் கோபக்காரனும் கடைசி வரைக்கும் கத்தியையே ஓட்டுவார்கள். அந்தத் தோல் முழுக்கக் கீறல். மேலே மயிர்ப்பக்கம் பார்த்தால் தெரியாது, மினுமினு என்று இருக்கும். திருப்பிச் சதைப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

மரப்பட்டையாமே! யாராவது யாரையாவது திட்டும்போது பட்டையை உரித்துவிடுவேன் என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா? பட்டையைக் கிளப்பிவிட்டான் என்றால் அது பாராட்டு. திட்டுக்குத் தோல்தான். உன் அண்ணனை வாரத்துக்கு இரண்டு முறை தோலை உரித்துத் தொங்கவிடுகிறேன், மனிதர் நன்றாகத்தான் இருக்கிறார். உங்கள் பேனாக்கத்திக்குத் தோலைப் பற்றி என்ன தெரியும்? ஒரு நாள் எங்கள் கிடங்குக்கு அனுப்பிவை. மூக்கில் கைக்குட்டையோடு வாசலிலேயே நின்றுவிடுவார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு, வணக்கம்.

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்க வேண்டும். கடிதம் கிடைத்த அன்றைக்கு அதை மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் சிரித்தேன்.

அதே சூட்டில் அட்டையை எழுதினேன். 'தோலை உரி, தோலுரித்துத் தொங்கவிடு' என்று பொருள் கொடுத்து, பட்டையை அடித்துவிட்டுத் தோல் என்று மூலத்தைத் திருத்தினேன். லத்தீன் பேசியவனும் நாமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் திட்டு வாங்கினால் எங்கே எரிகிறது என்பதை இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறோம். எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

புதன்கிழமை படித்தேன். பேனாக்கத்தி அட்டையை என் கையிலிருந்து வாங்கி, தானே இன்னொரு முறை படித்துக் காட்டினார். தெருவில் சண்டை போடுகிறவர்கள் பேச்சு என்றார். மூன்றாம் பதிப்பில் அந்தச் சொல்லை எழுதியவர் அவர்தானாம். முப்பத்தொரு வருடமாக அச்சில் நிற்பதை நேற்று வந்தவர்கள் திருத்த வேண்டாம் என்றார். அப்புறம் எங்கள் அலுவலகச் சட்டத்தைச் சொன்னார். அலுவலகத்தைச் சேராத ஒருவர் கைப்பட எழுதி, தேதி போட்ட சான்று இல்லாமல் எந்தச் சொல்லும் உள்ளே வராது. நாட்குறிப்பாக இருக்கலாம், மனுவாக இருக்கலாம், எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். "சான்று எங்கேம்மா?" என்று கேட்டார். கொஞ்சம் நீளமாகத்தான் பேசினார், நாற்பது நிமிடம் இருக்கும்.

மற்றபடி இங்கே ஒன்றும் விசேஷமில்லை. மாடி அறையில் தண்ணீர் காலையில் மட்டும் வருகிறது. அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 14

அன்புள்ள நாத்தனாளுக்கு,

இங்கே எல்லோரும் நலம், நான் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஆள் பேசியது எல்லாம் எழுதினாய். நீ என்ன பதில் சொன்னாய் என்று ஒரு வரி இல்லையே. வாயில் என்ன கொழுக்கட்டையா? ஆறு வயதுக் குழந்தைகள் அறுபது பேரை ஒரு அதட்டலில் அடக்கியவள், பேனாக்கத்திக்கு முன்னால் எப்படி ஊமையானாய்?

அதைவிட எனக்குப் புரியாதது ஒன்று. வெளியாள் கைப்பட எழுதிய சான்று வேண்டும் என்றால், என் கடிதம் என்ன ஆயிற்று? தேதி போட்டுத்தானே எழுதினேன். தொலைத்துவிட்டாயா?

சரி, போகட்டும். எங்கள் மேஜையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு தோல் நல்லதா கெட்டதா என்று தகராறு வந்தால் யாரும் சத்தம் போட மாட்டோம். திருப்பிப் போடுவோம். அந்த மரப்பட்டை எந்த வழியாக உள்ளே வந்தது என்று பார். பின்பக்கம் பார்க்காமல் எதையும் நம்பாதே. உடம்பைக் கவனி.

அண்ணி


மார்ச் 30

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நலமறிய ஆவல். பதில் போடத் தாமதமாகிவிட்டது, வேலை கொஞ்சம் அதிகம். வெயில் ஆரம்பித்துவிட்டது. இப்போது கீழ்த்தளத்தில் பழைய அட்டைப் பெட்டிகளைத் தூசி தட்டி அடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். மாறுதலாக இருக்கிறது. சத்தம் இல்லை, யாரும் வருவதில்லை.

உங்கள் கடிதம் தொலையவில்லை. பத்திரமாக இருக்கிறது.

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததா? அண்ணனுக்கு என் வணக்கம்.

நாத்தனார்


ஏப்ரல் 7

அன்புள்ள நாத்தனாளுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமில்லை.

மேஜையில் இருப்பவர்களுக்குத்தான் அட்டை என்று நீதான் எழுதினாய். இந்தக் கடிதம் கோடு போட்ட நோட்டுத்தாளில் வந்திருக்கிறது. கடைசியில் 'உங்கள்' என்பதுகூட இல்லை. என்னிடம் கதை விடாதே. உன்னை மேஜையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்து எத்தனை நாள் ஆகிறது?

உன் அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் மனிதர் பஸ் ஏறி வந்து உங்கள் அலுவலக வாசலில் வாயைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க நிற்பார், அது உனக்கு இன்னும் அவமானம்.

நான் உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். போன வருடம் முந்நூறு தோலை வேண்டாம் என்று ஒதுக்கினேன். சதைப்பக்கம் கத்திக் கீறலை எதையோ பூசி மறைத்திருந்தார்கள். முதலாளி எல்லோர் முன்னாலும் என்னை உரித்தார். நாற்பது நிமிடம் இல்லை, இரண்டு நாள். கைகழுவுகிற இடத்தில் போய் அழுதேன். ஆனால் மறுநாளும் போனேன், அந்த முந்நூறையும் திருப்பியே வைத்திருந்தேன். வாங்க வந்தவர் பார்த்தார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, முதலாளியைக் கேட்டார். சாயங்காலம் முதலாளி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எங்கள் இடத்தில் மன்னிப்பு என்றால் அதுதான்.

ஒளிக்காமல் எழுது.

அண்ணி


ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணிக்கு, வணக்கம்.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மற்றதை இனி ஒளிக்கப்போவதில்லை.

அந்தப் புதன்கிழமையே என்னைக் கீழே அனுப்பிவிட்டார்கள். ஜூன் குழுவுக்குப் போகும் அறிக்கையில் 'தகுதி போதாது' என்று எழுதப்போவதாக அவரே சொன்னார். உங்களிடம் எப்படிச் சொல்வது? அண்ணனோடு சண்டை போட்டு என்னை அனுப்பிவைத்தவர் நீங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை எழுதக் கை வரவில்லை. சான்று எங்கே என்று அவர் கேட்டபோது உங்கள் கடிதம் என் பையில்தான் இருந்தது. கையைப் பைக்குள் விட்டேன், காகிதத்தைத் தொட்டேன், எடுக்கவில்லை. யார் எழுதியது என்று கேட்பார்கள். தோல் கிடங்கில் வேலை செய்கிற என் அண்ணி என்று அந்த ஆறு பேருக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. பேனாக்கத்தி பேசியதுகூட ஆறிவிட்டது, அண்ணி. இது ஆறவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் சொன்ன மாதிரி திருப்பிப் பார்த்தேன். மூன்றாம் பதிப்புப் பெட்டியில் இரண்டு அட்டைகள் ஒரே குண்டூசியில் கிடந்தன. மேலே இருப்பது எக்ஸ்கோரியேட். கீழே அகரவரிசையில் அதற்கடுத்து வரும் எக்ஸ்கார்டிகேட், மரப்பட்டையை உரிப்பது. மேல் அட்டையைச் சிவப்பு மையால் முழுக்க அடித்து, 'கடுஞ்சொற்களால் கண்டனம் செய்' என்று மட்டும் எழுதியிருந்தது. தட்டச்சு செய்தவர் மேலே மூலம் இல்லாததைப் பார்த்து, கூடவே இருந்த கீழ் அட்டையின் மூலத்தை எடுத்துப் போட்டுவிட்டார். அவ்வளவுதான், முப்பத்தொரு வருடமாக நிற்கும் மரப்பட்டை இப்படித்தான் வந்தது.

அந்தச் சிவப்பு மைக்கு அடியில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'தோலை உரி. மூலம்: தோல்.' எழுதியது நம் பேனாக்கத்தியின் கை. அப்போது அவர் என்னைப் போல உதவியாளர். சான்று என்ற இடத்தில் 'என் தாயார் சொல்லக் கேட்டது' என்று இருக்கிறது. பின்பக்கம் அப்போதைய தலைமைப் பதிப்பாசிரியர் எழுதியிருக்கிறார்: 'கேட்டது சான்றாகாது. தெருப்பேச்சு. எழுதியவர் தொழிலை மாற்றிக்கொள்ளலாம்.'

இதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கிறேன். குழுவின் முன்னால் போட்டு அவரை நாற்பது நிமிடம் உரிக்கலாம். அதற்கு ஆசையாகவும் இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? பதில் வரவில்லையே. கோபமா, உடம்பு சரியில்லையா? கோபமாக இருந்தால் சரி. உடம்பென்றால் அண்ணனையாவது ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


மே 25

அன்புள்ள நாத்தனாளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம்தான்.

வலித்தது. பொய் சொல்ல மாட்டேன். உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இந்தக் கிடங்குச் சம்பளத்தில்தான் நீ கல்லூரிக்குப் போனாய் என்று எழுத உட்கார்ந்தேன், கிழித்தேன். இரண்டாவதும் கிழித்தேன். மூன்றாவதை உன் அண்ணன் எடுத்துப் படித்துவிட்டார். படித்துவிட்டு, "அவ சொல்லாம இருந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார். வருடத்துக்கு ஒரு முறைதான் பேசுவார், அதையும் இப்படிப் பேசித் தொலைப்பார். உண்மைதான். வேறு யாராக இருந்தாலும் கடிதம் தொலைந்துவிட்டது என்று சொல்லி முடித்திருப்பார்கள். நீ உன் சதைப்பக்கத்தை நீயே திருப்பிக் காட்டினாய்.

அதனால் ஆறிவிட்டது. முழுக்க இல்லை, முக்கால்வாசி.

இப்போது விஷயத்துக்கு வா. என்னைக் கேட்டாயே, சொல்கிறேன். அந்த ஆளை விடாதே. அட்டையை எடுத்துப் போய் எல்லோர் நடுவிலும் வை. உரி. தொங்கவிடு. மேலே கொஞ்சம் உப்பும் போடு. நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

என் கடிதத்தையும் எடுத்துப் போ. இந்த முறை பையை விட்டு வெளியே எடு.

உன் அண்ணி


ஜூன் 12

என் அருமை அண்ணிக்கு, ஆயிரம் வணக்கம்.

சுகம், சுகம், சுகம். அங்கே எல்லோரும் சுகமா? உட்கார்ந்து படியுங்கள். அடுப்பில் பால் இருந்தால் இறக்கிவிடுங்கள்.

நேற்று முன்தினம் குழு கூடியது. வெளியாட்கள் ஐந்து பேர். அதில் ஓர் அம்மாள் தோல் நோய் மருத்துவர். நான் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பேனாக்கத்தி அறிக்கையைப் படித்தார். கொச்சைச் சொல்லைப் புகுத்தினேன், அச்சான பதிப்பை மதிக்கவில்லை, சட்டப்படி சான்று தரவில்லை, தகுதி போதாது. ஏதாவது சொல்ல வேண்டுமா என்று குழுத்தலைவர் கேட்டார். எழுந்துவிட்டேன், அண்ணி.

அந்த இரண்டு அட்டைகளையும் குண்டூசியோடு மேஜையில் வைத்தேன். மரப்பட்டை எப்படி வந்தது என்று காட்டினேன். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் ஓர் உதவியாளர் இதைச் சரியாக எழுதியிருக்கிறார், ஆனால் அவரிடம் எழுத்தில் சான்று இல்லை, என்னிடம் இருக்கிறது என்றேன். அந்த உதவியாளர் யார் என்று சொல்லவில்லை. நீங்கள் சொன்னபடி உரிக்கத்தான் போனேன். அட்டையை வைக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன், அதற்கு மேல் முடியவில்லை. நீங்கள் திட்டினாலும் பரவாயில்லை.

பிறகு பையில் கையை விட்டேன், எடுத்தேன். யார் எழுதியது என்று கேட்டார்கள். "எங்க அண்ணி. தோல் கிடங்குல தரம் பிரிக்கிறாங்க. இந்த மேஜையில இருக்கிற யாரையும் விட இந்தச் சொல்லு அவங்களுக்கு நல்லாத் தெரியும்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அறை முழுக்கக் கேட்டது.

மருத்துவர் அம்மாள் உங்கள் கடிதத்தை வாங்கி உரக்கப் படித்தார். கத்திக் கோடு, முஷ்டி, சதைப்பக்கம் எல்லாம் படித்தார். எக்ஸ்கோரியேஷன் என்று அவர்களே தினமும் நோயாளிச் சீட்டில் எழுதுகிறார்களாம், சொறிந்து தோல் வழண்டுபோவதற்கு. பட்டை என்று எந்த மருத்துவரும் எழுதியதில்லை என்றார். அண்ணனைத் தொங்கவிடும் இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அதற்கடுத்த வரிதான் எனக்கு ஞாபகம் வந்தது. தடுக்கலாம் என்று கையைத் தூக்குவதற்குள் அந்த அம்மாள் 'உங்கள் பேனாக்கத்திக்கு' என்று படித்துவிட்டு, அது யார் என்று கேட்டார்.

பூமி பிளக்காதா என்று இருந்தது. பேனாக்கத்தி கண்ணாடியைக் கழற்றினார். "நான்தான். மேலே படிங்க" என்றார். கைக்குட்டையோடு வாசலில் நிற்பது வரைக்கும் கேட்டார்.

அப்புறம் அந்த அட்டையை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் படித்துவிட்டு, மறுபடி முன்பக்கம் திருப்பி மேஜையில் வைத்தார். "இது என் கையெழுத்து. எங்கம்மா சொன்ன வார்த்தை. அவங்களுக்கு எழுதத் தெரியாது, அதனால என்னால சான்று கொடுக்க முடியல" என்றார். அறிக்கையை இழுத்துக் கடைசி வரியை அடித்தார். புதிதாக ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குழுத்தலைவரிடம் தள்ளினார். தலைவர் படித்தார்: 'என்னைத் திருத்தத் தகுதி உள்ளவர். நிரந்தரமாக்குக.'

ஐந்து பேரும் ஒப்புக்கொண்டார்கள். ஐந்து பேரும், அண்ணி! நிரந்தரம்! என் நாற்காலி மேஜைக்குத் திரும்பிவிட்டது. நேற்று அவர் என்னிடம் வந்து, நாற்பது நிமிடம் பேசியது தவறு, நாலு நிமிடம் போதும் என்றார். அதுதான் அவருடைய டீ என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சொல்லின் அச்சுப்படி இத்துடன் வருகிறது. அட்டையில் எழுதிய கடிதம் கலைந்துபோனாலும் இந்தத் தாளைக் கலைக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நானும் இங்கே எழுதிவிடுகிறேன், எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

எக்ஸ்கோரியேட்: 1. தோல் வழண்டு புண்ணாகச் செய். 2. தோலை உரி, தோலுரித்துத் தொங்கவிடு, கடுமையாகச் சாடு. மூலம்: லத்தீன், தோலை நீக்கு. சான்று: 'உன் அண்ணனை வாரத்துக்கு இரண்டு முறை தோலை உரித்துத் தொங்கவிடுகிறேன், மனிதர் நன்றாகத்தான் இருக்கிறார்.' தோல் தரம் பிரிப்பவரின் கடிதம், ஜனவரி 19.

உங்களுடைய, என்றும் உங்களுடைய,
நாத்தனார்


ஜூன் 20

அன்புள்ள நாத்தனாளுக்கு,

எல்லோரும் நலம். நலம் என்பது சின்ன வார்த்தை, உங்கள் அகராதியில் பெரிதாக ஏதாவது இருந்தால் அதைப் போட்டுக்கொள்.

முதலில் திட்டிவிடுகிறேன். குடும்பக் கடிதத்தைப் பத்துப் பேர் முன்னால் படிக்கக் கொடுத்தாயே, உனக்கு மூளை இருக்கிறதா? அப்புறம், அந்த ஆளை இவ்வளவு லேசாக விட்டாயே. உப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் அவர் அம்மாவைப் பற்றிச் சொன்ன இடத்தைப் படித்தபோது எனக்கும் கை நின்றுவிட்டது. நீ செய்தது சரிதான். முஷ்டியால் எடுத்திருக்கிறாய், ஒரு கீறல் இல்லை. முதல் தரம்.

அச்சுப்படியைக் கிடங்குக்கு எடுத்துப் போனேன். மேஜையில் வேலை நின்றுவிட்டது. பதினொரு பெண்களும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வரிசையாகப் படித்தார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் படித்துக் காட்டினார்கள். முதலாளி என்ன கூட்டம் என்று கத்திக்கொண்டே வந்தார், தாளை வாங்கிப் படித்தார், மறுபடியும் படித்தார், எல்லோருக்கும் டீ சொன்னார். இந்த முறை யாரிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று எங்களுக்குத் தெரியவில்லை, குடித்துவிட்டோம்.

உன் அண்ணனிடம் சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். முடியுமா? பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். அவர் அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். அவமானப்படுவார் என்று நினைத்தேன். மனிதர் பிரதி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர், பஸ் கண்டக்டர், முடிவெட்டுகிறவர் என்று ஒருவர் விடாமல் காட்டிக்கொண்டு திரிகிறார். அதில் உரிபடுகிறவன் நான்தான் என்று அவ்வளவு பெருமை. வருடத்துக்கு ஒரு முறை பேசுகிறவர், இந்த வாரம் அடுத்த பத்து வருடத்துக்குச் சேர்த்துப் பேசிவிட்டார்.

நான் எட்டாவதோடு நின்றவள். எனக்குக் கணக்கு வரும், எழுத்து வராது என்று சொல்லித்தான் நிறுத்தினார்கள். நேற்று எல்லோரும் வெளியே போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் தாளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். நான் எழுதிய வரி, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அச்சில் இருக்கிறது. இனி எவனாவது ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று புரட்டினால் என்னைத்தான் படிப்பான். அழுதேன். கைகழுவுகிற இடத்தில் இல்லை, என் வீட்டில், என் நாற்காலியில், சத்தம் போட்டு நன்றாக அழுதேன். உன் மேல் இருந்த மீதிக் கால்வாசிக் கோபமும் அதில் போய்விட்டது.

ஒரே ஒரு குறை. ஐந்தாம் பதிப்பு வரும்போது அதைத் திருத்திவிடு. வாரத்துக்கு இரண்டு முறை என்று ஜனவரியில் எழுதினேன். அச்சில் ஏறியதிலிருந்து அவர் தலைகால் புரியாமல் ஆடுகிறார், இப்போது தினமும் உரிக்க வேண்டியிருக்கிறது. கைப்பட எழுதித் தேதி போட்டிருக்கிறேன். சான்றாக வைத்துக்கொள்.

உன் அண்ணி,
தோல் தரம் பிரிப்பவர்